இரண்டாவது பொத்தான் உயரம்

சேசு மரி சூசை துணை

பிரேசர் டவுன், பெங்களூர்
10 ஜனவரி 1937, ஞாயிறு

பிரியமுள்ள அத்தானுக்கு,

சர்வேசுரன் கிருபையால் நான் இங்கே சுகம். பூசையிலிருந்து வந்ததும் குதிகால் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன். விஷயம் அப்படி.

எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் கிராமங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்க்க ஒரு நர்ஸை நிரந்தரமாக வைக்கப்போகிறார்கள். லிங்கராஜபுரம், காச்சரகனஹள்ளி, ஹென்னூர், பாணசவாடி, நாலு ஊரும் ஒரு சுற்று. காம்பவுண்டுக்குள்ளேயே இரண்டு அறைக் குவார்ட்டர்ஸும் உண்டு. தினமும் ஜட்கா வைத்து அனுப்ப மிஷனுக்குக் கட்டாது, நர்ஸ் சைக்கிளில்தான் போகவேண்டும் என்று கேத்தரின் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை கேட்டிருப்பது நானும் என்னோடு வேலை செய்யும் நர்ஸ் யூனிஸும்தான். குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் இருவரும் நாலு ஊரையும் சொந்தச் சைக்கிளில் சுற்றி வந்து காட்டவேண்டுமாம். "யாருக்குத் தெம்பு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்" என்கிறார்.

என் இப்போதைய வேலை தற்காலிகம், குருத்து ஞாயிற்றுக்கு அடுத்த வாரம், பாஸ்குத் திருநாளோடு முடிகிறது. அதற்குமேல் வேலை இல்லையென்றால், நீங்கள் ஆசைப்படுகிறபடி தங்கவயலுக்கு வந்து உங்கள் சுரங்க லைன் வீட்டில் சோறாக்கிக்கொண்டு இருக்கிறேன் என்று கிறிஸ்மஸுக்கு வாக்குக் கொடுத்தேன். அதை மாற்றமாட்டேன். ஆனால் அத்தான், எனக்கு இந்த வேலை வேண்டும். நவம்பரில் ஹென்னூரிலிருந்து மாட்டுவண்டி வந்து, நான் ஏறி, அது அசைந்து அசைந்து போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். உடம்புச் சூடுகூட ஆறவில்லை. அவளுடைய அம்மா என்னைத் திட்டவே இல்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

கமர்ஷியல் தெருவில் ஒரு லேடீஸ் சைக்கிளில் ஏறிப் பார்த்தேன். சீட்டை அடிவரை இறக்கியும் என் கால் எட்டவில்லை. கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். யூனிஸுக்கு என்ன, தென்னைமரம், அதே சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டாள். மாஸ்க் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருக்கும் குதூஸ் சாயபு, சின்னப் பையன்களுக்கான ஃபிரேம் ஒன்றில் கடைச் சாமான்களைப் போட்டு ஒன்று சேர்த்துத் தருகிறேன் என்கிறார். சேலையோடு ஏறும்போது மேல்குழாயை என்ன செய்வது என்றுதான் அவருக்கும் புரியவில்லை. நீங்கள் சுரங்க ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர், உங்களுக்குத் தெரியாத இரும்பா? என்ன செய்யலாம், எழுதுங்கள்.

உங்கள்
பிரிஜெட்

*

சாம்பியன் ரீஃப், தங்கவயல்
14 ஜனவரி 1937

பிரிஜெட்டுக்கு மதலைமுத்து எழுதுறது.

உன்னை மாதிரி இலக்கணமா எழுத எனக்கு வராது, பேசுறதை அப்படியே எழுதுறேன், படிச்சுக்கோ. காயிதம் வந்திச்சு. இன்னா, என் பொண்டாட்டிக்குக் கதம்ப சைக்கிளா? ஒருத்தன் ஃபிரேமு, இன்னொருத்தன் சக்கரம், சீமையில எவனோ மிஷின்ல ஆயிரம் ஆயிரமா தட்டிப்போட்ட பெடலு. அதுல நீ ஊரைச் சுத்துவ, நான் இங்க ஃபிட்டர்னு மார்தட்டிக்கினு திரியணுமா? அதெல்லாம் ஆவாது. குதூஸ் சாயபுக்கு என் சலாம் சொல்லு, சும்மா இருக்கவும் சொல்லு.

நான் பண்றேன். ஃபோர்மேன் துரைகிட்ட கேட்டுட்டேன், ஷிப்ட் முடிஞ்சதும் பட்டறையை எடுத்துக்கோன்னுட்டாரு. துரைங்க தூக்கிப்போட்ட ஒடிஞ்ச சைக்கிள் ரெண்டு கெடக்குது, அதையும் குடுத்துட்டாரு. அதுங்க குழாயை அறுத்து, சேலை தட்டாதபடி தாழ வளைச்சு, வெண்காரம் தடவி, பித்தளை ஊத்திப் பத்தவெச்சேன்னா யானை ஏறினாலும் அசையாது. பெடலு, அதைத் தாங்குற கிராங்குக் கம்பி எல்லாம் நானே கடைஞ்சிடுவேன். உன் குட்டைக் காலுக்கு ஏத்த நீளத்துல கிராங்கு எந்தக் கடையில விக்கிறான், சொல்லு பார்ப்போம்?

அளவு கிளவு ஒண்ணும் அனுப்பாதே. தாலி கட்டினவனுக்கு அளவு தெரியாதா? கோவில்ல நீ என் பக்கத்துல நின்னா உன் உச்சந்தலை என் சட்டையோட ரெண்டாவது பொத்தானுக்கு வரும். அந்தச் சட்டையை மாட்டிக்கினு சுவத்தோரமா நின்னு கோடு போட்டுட்டேன்.

நீ இங்க வந்து என்னோட இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. மூணு வருஷமா ஓட்டல் சோறு. ஆனா அது வேற, இது வேற. சைக்கிளு வரும்.

மதலைமுத்து

*

சேசு மரி சூசை துணை

பிரேசர் டவுன்
7 பிப்ரவரி 1937, ஞாயிறு

பிரியமுள்ள அத்தானுக்கு,

சைக்கிள் எங்கே? தபசுகாலமே வரப்போகிறது. நான் சைக்கிளுக்காக ஒருசந்தி பிடித்துப் பட்டினி கிடக்கவேண்டுமா?

இதற்குள் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், தெரியுமா? குதூஸ் சாயபு கடையில் வாடகைக்கு விடும் பையன் சைக்கிளில், பட்டாளத்து மைதானத்தில். யூனிஸ் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். அவளே எனக்குப் போட்டி, அவளே எனக்கு வாத்தியார். முதல் நாள் சேலை செயினில் சிக்கி வேலியில் போய் விழுந்தேன். சிப்பாய்கள் கைதட்டினார்கள். இரண்டாம் நாள் கைதட்ட வாய்ப்புக் கொடுக்கவில்லை. சின்னச் சைக்கிளாகையால் முட்டி இரண்டும் கைப்பிடியில் இடிக்கிறது, அது ஒன்றுதான் கஷ்டம்.

சாயபு கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் பழகிவிட்டேன். நேற்று கிராங்கைக் கழற்றிக் காட்டினார். அச்சில் கிராங்கைப் பிடித்திருக்கிற காட்டர் ஆணியின் நட்டைக் கழற்றி, ஒரே தட்டுத் தட்டினால் ஆணி வெளியே வந்துவிடுகிறது. "அரே பேட்டி, மவளே, உன் ஆளு அளவெடுத்துப் பண்றது ஷோக்காத்தான் இருக்கும். நடுரோட்டுல ஒண்ணு ஒடிஞ்சா, அதே அளவுல அதுக்கு ஒரு தம்பி எந்தக் கடையில இருக்கான்?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்லட்டும், நீங்களே எழுதுங்கள்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தபோது திக்கென்றது. கோவிலில் உங்கள் பக்கத்தில் நிற்கும்போது நான் எதைப் போட்டிருப்பேன் அத்தான்? குதிகால் செருப்பு! நீங்கள் வருவதே பண்டிகைக்கும் ஞாயிற்றுக்கும்தான், நர்ஸுகள் விடுதிக்குள் ஆண்களை விடுவதில்லை, என்னைப் பார்ப்பதெல்லாம் அந்தச் செருப்போடுதான். அதைப் போட்டுக்கொண்டா நான் பிரசவத்துக்குப் போவேன்? உங்கள் இரண்டாவது பொத்தானில் நிற்பது நான் பாதி, செருப்பு பாதி.

யூனிஸை வைத்து நூலில் அளந்து இதோடு வைத்திருக்கிறேன். முதல் முடிச்சு குதிகாலிலிருந்து முழங்கால், இரண்டாவது முடிச்சு இடுப்பு. நூலை அங்கே யாரிடமும் காட்டவேண்டாம், மானம் போகும்.

பிரிஜெட்

*

சாம்பியன் ரீஃப்
12 பிப்ரவரி 1937

பிரிஜெட்டுக்கு,

நூல் வந்திச்சு. ஃபிரேமு பத்தவெச்சு, அரம் போட்டு, கறுப்பு பெயிண்ட் ரெண்டு கோட்டிங் அடிச்சு, நானே தள்ளி நின்னு ரசிச்சிக்கினு இருந்தேன். அந்த நேரம் பார்த்து உன் நூலு வருது! அடியே, மூணு வருஷமா அந்தக் குதிகால் செருப்பைக் காட்டி ஏமாத்திட்டியே. ரம்பத்தை எடுத்து என் கையாலேயே அறுத்தேன். பெத்த புள்ளையை அடிக்கிற மாதிரி இருந்திச்சு. பக்கத்து பெஞ்சு மைக்கேல்ராஜு, "இன்னாண்ணே, அண்ணி உயரத்துல குறைஞ்சிட்டாங்களா?"ன்னு கேட்டுச் சிரிக்கிறான். எல்லாத்தையும் மொதல்லருந்து பண்ணணும்.

உன் சாயபு கேட்ட கேள்விக்குப் பதில் இது. என் வேலை ஒடியாது. ஒடியாததுக்குத் தம்பி எதுக்கு?

ஒண்ணே ஒண்ணு, வெளிய சொல்லாதே. நடு அச்சும் அது சுத்துற குண்டுங்களும் மட்டும் ராபர்ட்சன்பேட்டைக் கடையில வாங்கிட்டேன், சீமைச் சாமான். அவ்ளோ உருண்டையா, அவ்ளோ கெட்டியா குண்டு பண்ண நம்ம பட்டறையில வழியில்ல. அந்த அச்சோட அளவுக்குத்தான் கிராங்கு ஓட்டையைக் கடைஞ்சேன். மத்ததெல்லாம் என் கை. எனக்கே இது கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்குது.

முட்டியில காயத்துக்கு மருந்து போட்டியா இல்லையா? வேலியில விழுந்தேன்னு எழுதுற, அடி பட்டுதான்னு எழுத மாட்டேங்கிற.

மதலைமுத்து

*

பிரேசர் டவுன்
3 மார்ச் 1937

அத்தானுக்கு,

மார்ச் பிறந்துவிட்டது. சைக்கிள் வரவில்லை, கடிதமும் வரவில்லை. யூனிஸ் தினமும் காலையில் நாலு ஊரையும் சுற்றிவிட்டு வந்து டீ குடிக்கிறாள். நான் பையன் சைக்கிளில் முட்டியை இடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிறேன்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் வைத்துக்கொண்டு உங்களுக்குச் சோறு போட என்னால் முடியாது. நீங்கள் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறீர்கள். சைக்கிள் வராவிட்டால் வேலை யூனிஸுக்கு. வேலை யூனிஸுக்கு என்றால் நான் தங்கவயலுக்கு. உங்கள் ஓட்டல் சோறு அன்றைக்கு முடியும். ஒரு ஃபிட்டருக்கு ஒரு சைக்கிள் செய்ய இத்தனை காலமா? அரம் போடுகிறேன், பெயிண்ட் அடிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லியே பாஸ்குவைத் தாண்டிவிடலாம் என்று பார்க்கிறீர்கள்.

குதூஸ் சாயபுவிடம் சொல்லிவிட்டேன். அவர் கடைச் சாமான்களை வைத்து அந்தக் கதம்பத்தையே செய்யட்டும். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மேல்குழாயைத் தாண்டி ஏறிக்கொள்கிறேன். சீமையில் எவனோ தட்டிப்போட்ட பெடல்தான், ஆனால் அது கடையில் இருக்கிறது, கேட்டால் கிடைக்கிறது. உங்கள் பெடல் உங்கள் மனசுக்குள் இருக்கிறது.

பிரிஜெட்

*

சாம்பியன் ரீஃப்
6 மார்ச் 1937

பிரிஜெட்டுக்கு,

உன் காயிதத்துல மேல சேசு மரி சூசை இல்ல. கீழ "உங்கள்" இல்ல. பார்த்தேன்.

சைக்கிளை இன்னிக்கு ரயில்ல ஏத்திட்டேன். பார்சல் ரசீது இதுல இருக்குது, கன்டோன்மென்ட் ஸ்டேஷன்ல காட்டி எடுத்துக்கோ. கூடவே ஒரு ஸ்பேனர் இருக்கும், அதுவும் நான் அடிச்சதுதான். புடிச்சா ஓட்டு. இல்லாட்டி உன் சாயபு கடை வாசல்ல தொங்கவிடு.

நீ இங்க வரணும்னு எனக்கு ஆசை இல்லைன்னு நான் எப்பவாவது பொய் சொன்னேனா? ஆசைதான். ஒவ்வொரு ஒட்டு பத்தவெக்கும்போதும் ஆசைதான். அதனாலதான் ஒவ்வொரு ஒட்டையும் ரெண்டு தரம் பத்தவெச்சேன். நாளைக்கு ஒண்ணு விட்டுப்போச்சுன்னா, இவன் வேணும்னே பண்ணான்னு நீ நினைச்சிடக் கூடாதேன்னு. அப்படியும் நினைச்சுட்ட.

மதலைமுத்து

*

சேசு மரி சூசை துணை

பிரேசர் டவுன்
10 மார்ச் 1937

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

வந்துவிட்டது.

ஸ்டேஷனில் கோணியைப் பிரித்தபோது போர்ட்டர்கள் கூடிவிட்டார்கள். ஏறி உட்கார்ந்தேன். இரண்டு காலும் பெடலில் படிந்தன. கை நீட்டினேன், கைப்பிடி அங்கே இருந்தது. பிறந்ததிலிருந்து எந்த நாற்காலியிலும் என் கால் தரையில் பட்டதில்லை அத்தான். எல்லாம் வேறு யாருக்கோ செய்தது. எனக்கென்று செய்த ஒன்றில் இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். அங்கேயே, போர்ட்டர்கள் நடுவில், அழுதுவிட்டேன்.

நான் எழுதினது தப்பு. வாயும் பேனாவும் எனக்கு ஒன்றுபோலத்தான் ஓடுகின்றன. கோபித்துக்கொள்ளுங்கள், ஆனால் சீக்கிரம் முடித்துக்கொள்ளுங்கள்.

குதூஸ் சாயபு அதை மூன்று தரம் சுற்றிவந்தார். ஒட்டுகளைத் தடவிப் பார்த்தார். "இந்த மாதிரி சைக்கிள் சட்டம் நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு பெடலைப் பார்த்து, "இதையுமா பண்ணான்?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் சேர்த்துவைத்த கதம்பம் பாதியில் நிற்கிறது, வருத்தப்படவில்லை.

ஒரு சின்ன விஷயம். இடதுகால் பெடல் மட்டும் ஓட்ட ஓட்ட லேசாக லூஸாகிறது. உங்கள் ஸ்பேனரால் முறுக்கிக்கொள்கிறேன். புதுசு என்பதால்தானே?

உங்கள்
பிரிஜெட்

*

சாம்பியன் ரீஃப்
13 மார்ச் 1937

பிரிஜெட்டுக்கு,

கோவம் ஸ்டேஷன்ல நீ அழுத இடத்துலயே எறங்கிப்போச்சு.

பெடலு புதுசு, அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல செட் ஆயிடும். நல்லா அழுத்தி முறுக்கு. நான் பண்ணது கழலாது.

அடுத்த சனிக்கிழமை, உன் சோதனை அன்னிக்கு, நான் இங்க ஷிப்ட்ல இருப்பேன். மனசு பூரா அந்த நாலு ஊர் ரோட்டுலதான் இருக்கும்.

மதலைமுத்து

*

சேசு மரி சூசை துணை

பிரேசர் டவுன்
21 மார்ச் 1937, குருத்து ஞாயிறு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் மீதியைப் படிக்காமல் பட்டறைக்கு ஓடிவிடுவீர்கள். அதனால் சொல்லமாட்டேன், உட்கார்ந்து படியுங்கள்.

நேற்றுக் காலையில் பூசை கண்டுவிட்டு இருவரும் கிளம்பினோம். டாக்டரம்மா கேட்டில் நின்று, "மத்தியானத்துக்குள் வரவேண்டும்" என்றார். யூனிஸ் லிங்கராஜபுரத்திலேயே என்னைத் தாண்டி, கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் காலுக்கு நான் எங்கே ஈடு? ஆனால் உங்கள் சைக்கிள் என்னமாய் ஓடுகிறது! காற்றில் முந்தானை படபடக்கிறது, முட்டி இடிக்கவில்லை, சேலை சிக்கவில்லை. நான் பாட்டுப் பாடிக்கொண்டே போனேன், தபசுகாலம் என்றுகூட நினைவில்லை.

காச்சரகனஹள்ளி தாண்டி இடது பெடல் லொட லொட என்றது. இறங்கி முறுக்கினேன். நாலு மிதி மிதித்ததும் மறுபடி லொட லொட. மறுபடி முறுக்கினேன். அப்படியே இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஹென்னூர் ரோட்டில் ஒரு புளியமரத்தடியில் பெடல் தொப்பென்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மரை தேய்ந்து மழுங்கிப் போயிருந்தது. வைத்தால் நிற்கவில்லை. உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அந்த நேரம் நீங்கள் எதிரில் இருந்திருந்தால் பெடலாலேயே அடித்திருப்பேன். நடுரோடு, கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. சாயபு சொன்ன தம்பியை எந்தக் கடையில் போய்த் தேடுவது?

அப்போது எதிரே ஓர் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிவருகிறான். பின் டயர் வெடித்துக் கிழிந்து தொங்குகிறது. என் வெள்ளைச் சேலையையும் பையையும் பார்த்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "நர்ஸம்மா, பேக பர்ரி, நன் ஹெண்டத்திகெ நோவு!" அவன் பெண்சாதிக்கு வலி கண்டு விடியற்காலையிலிருந்து துடிக்கிறாளாம். ஆஸ்பத்திரிக்கு ஆள் கூப்பிடத்தான் கிளம்பியிருக்கிறான். பேர் முனிசாமப்பா, ஹென்னூரில் பால்காரன்.

ஹென்னூர் அத்தான். மறுபடியும் ஹென்னூர்.

நடந்தால் எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். மாட்டுவண்டி வேகம்தான். ஒரு நிமிஷம் அந்தத் தாயின் பார்வை கண் முன்னால் வந்து நின்றது. அடுத்த நிமிஷம் அவன் சைக்கிளைப் பார்த்தேன். டயர்தான் போயிற்று, அதன் இடது கிராங்கு, பெடலோடு, ஜம்மென்று இருக்கிறது. சீமைச் சாமான். உங்கள் நடு அச்சும் சீமைச் சாமான்! நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று எழுதினீர்களே, அதே அச்சு.

உங்கள் ஸ்பேனரால் இரண்டு சைக்கிளிலும் காட்டர் ஆணியின் நட்டைக் கழற்றினேன். "கல்லு எடு" என்றேன். முனிசாமப்பா ஒரு பாறாங்கல்லையே தூக்கிவந்தான். "சின்னது, சின்னது!" என்று கத்தினேன். ஒரு தட்டு, உங்கள் கிராங்கு வந்தது. இரண்டு தட்டு, அவனுடையது வந்தது. அதை உங்கள் அச்சில் மாட்டினேன். சரக்கென்று போய் உட்கார்ந்தது அத்தான்! எந்த ஊரிலோ எவனோ தட்டிப்போட்டது, நீங்கள் எனக்காகச் செய்ததில், அளவெடுத்த மாதிரி! அந்த முகம் தெரியாத மனுஷனுக்கு நடுரோட்டில் நின்று ஓர் அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன்.

வலது கிராங்கு என் காலுக்குச் செய்த குட்டை. இடது கிராங்கு ஊரார் காலுக்குச் செய்த நீளம். மேலே வரும்போது முட்டி நெஞ்சில் இடிக்கிறது, கீழே போகும்போது நுனிக்கால்தான் எட்டுகிறது. நொண்டிக்குதிரை மாதிரி ஏறி ஏறி இறங்கிக்கொண்டு போனேன். ஆனால் போனேன். முனிசாமப்பா கூடவே ஓடிவந்தான், பிறகு பின்தங்கிவிட்டான். நான் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது தலை வெளியே வந்திருந்தது, கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இரண்டு சுற்று. விரலை விட்டு எடுத்தேன். குழந்தை நீலமாய் வெளியே வந்தது. அழவில்லை. தலைகீழாகப் பிடித்தேன், வாயைத் துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், ஊதினேன், திட்டினேன். ஆமாம், திட்டினேன், "அழுடி கழுதை, உனக்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், அழுடி!" என்று. அழுதது அத்தான்! ஊரே கேட்கும்படி அழுதது. பெண் குழந்தை. தாயும் நன்றாக இருக்கிறாள். முனிசாமப்பா மூச்சுவாங்க வாசலுக்கு வந்தபோது உள்ளே இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தோம், நானும் அதுவும்.

எல்லாம் சுத்தம் செய்து முடித்து, அவர்கள் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, மறுபடி ஏறினேன். பாணசவாடி பாக்கி இருக்கிறதே. சோதனை நாலு ஊருக்கு. நாலையும் சுற்றினேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. யூனிஸ் எப்போதோ வந்து, குளித்து, வேறு சேலை கட்டிக்கொண்டு, எனக்காகக் கேட்டிலேயே நின்றிருந்தாள். என் சேலையில் கிரீஸ், ரத்தம், புழுதி. டாக்டரம்மா முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "மத்தியானம் என்று சொன்னேனே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், எனக்கு முன்பே நேர்வழியாக வந்து கேட்டில் உட்கார்ந்திருந்த முனிசாமப்பா எல்லாவற்றையும் கன்னடத்தில் கொட்டித் தீர்த்தான். கல் எடுத்துக்கொடுத்ததை மட்டும் நாலு தரம் சொன்னான்.

டாக்டரம்மா சைக்கிளுக்குப் பக்கத்தில் குனிந்து இரண்டு கிராங்கையும் பார்த்தார். "ஒன்று நீளம், ஒன்று குட்டை. இதிலா பாணசவாடிக்கும் போய் வந்தாய்?" "ஆமாம் டாக்டரம்மா, நாலு ஊர் என்று சொன்னீர்களே." நிமிர்ந்து, கையில் பட்ட கிரீஸைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமை குவார்ட்டர்ஸ் சாவியை வாங்கிக்கொள்" என்றார்.

கிடைத்துவிட்டது அத்தான். எனக்கு! யூனிஸ் என்னைத் தூக்கியே விட்டாள், கால் தரையில் படவில்லை. அவளையும் வார்டிலேயே நிரந்தரமாக்குவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். "எனக்கு அந்தப் புழுதி ரோடு வேண்டாம்டி, வார்டுதான் சுகம்" என்கிறாள்.

உங்கள் பெடல் கழன்றது. உங்கள் ஃபிரேம் மயிரிழைகூட அசையவில்லை. இரண்டையும் எழுதிவிட்டேன், நியாயம் நீங்களே சொல்லுங்கள்.

உங்கள்
பிரிஜெட்

*

சாம்பியன் ரீஃப்
24 மார்ச் 1937

என் தங்கமே பிரிஜெட்டு,

ஜெயிச்சிட்டடி! ஒர்க்ஷாப்புல பெஞ்சு மேல ஏறி நின்னு உன் காயிதத்தை உரக்கப் படிச்சேன். "அழுடி கழுதை" வந்தப்போ பசங்க சுத்தியலைக் கீழ வெச்சுட்டானுங்க. "சாவியை வாங்கிக்கொள்" வந்தப்போ போட்டாங்க பாரு விசிலு, துரை ரூமுலருந்து எழுந்து வந்துட்டாரு. அவருக்கும் சொன்னோம். அவர் தொப்பியைக் கழட்டிட்டாரு.

அப்புறம் பெடலு. மைக்கேல்ராஜோட சைக்கிளைத் திருப்பிப்போட்டு இடது பெடலைக் கழட்டிப் பார்த்தேன். அடப்பாவி, அது எதிர்ப் பக்கம் சுத்துது! இடது காலுக்கு மரையை மாத்தி வெட்டணும், இல்லாட்டி மிதிக்க மிதிக்க அதுவே கழண்டுக்கும்னு கடைச் சாமான் பண்றவன் எவனோ என்னிக்கோ யோசிச்சு வெச்சிருக்கான். நான் சின்ன வயசுலருந்து பம்பு, பைப்பு எல்லாத்தையும் வலப் பக்கமே முறுக்கிப் பழகின கை, ரெண்டு பெடலுக்கும் ஒரே மாதிரி வெட்டிப்புட்டேன். நீ அழுத்தி அழுத்தி முறுக்க, அது கழண்டு கழண்டு வர, மரை கழண்டது பெடலுக்கா எனக்கான்னு பசங்க கேக்குறானுங்க. கேக்கட்டும்! என் பொண்டாட்டி ரெண்டு சைக்கிளைச் சேர்த்து நடுரோட்டுல ஒரு சைக்கிள் பண்ணவ. இந்த ஒர்க்ஷாப்புல ஒருத்தன் பொண்டாட்டி அப்படி இருக்காளா, சொல்லச் சொல்லு.

குதூஸ் சாயபுகிட்ட நானே நேர்ல வந்து சொல்றேன், அவர் பேச்சு சரிதான்னு. சீமை அச்சு வாங்கினதுக்கு வெக்கப்பட்டேன் பாரு, அதை நினைச்சாத்தான் இப்ப வெக்கமா இருக்குது.

பாஸ்குவுக்கு லீவு இல்ல, பண்டிகைன்னு சுரங்கத்துல தண்ணி ஊறாம இருக்குமா, பம்பு ஓடணும். அடுத்த சனிக்கிழமை வர்றேன். குவார்ட்டர்ஸைப் பார்க்கணும். ரெண்டு ரூமுன்னு சொன்னியே, ஒருத்தருக்கு எதுக்கு ரெண்டு ரூமு?

உன்
மதலைமுத்து

*

சேசு மரி சூசை துணை

மிஷன் ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸ்
28 மார்ச் 1937, பாஸ்கு

என் பிரியமுள்ள அத்தானுக்கு,

பாஸ்குத் திருநாள் வாழ்த்து. மேலே முகவரியைப் பாருங்கள்.

முனிசாமப்பாவின் கிராங்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், புது டயரோடு. அது மிஷன் கொடுத்தது. என் சைக்கிளில் குதூஸ் சாயபு, பையன் சைக்கிளின் குட்டைக் கிராங்குகளையும், கடைப் பெடல்களையும் போட்டிருக்கிறார். அளவு சரியாக இருக்கிறது. குட்டைக் கிராங்கு எந்தக் கடையில் விற்கிறான் என்று கேட்டீர்களே, மாஸ்க் ரோட்டில் விற்கிறான். உங்கள் ஃபிரேம் எந்தக் கடையிலும் விற்கவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை தவிர தினமும் நாலு ஊரையும் சுற்றினேன், எதுவும் கழலவில்லை. ஹென்னூரில் என்னைக் கண்டால் பிள்ளைகள் "சைக்கிளம்மா பந்தளு", சைக்கிளம்மா வந்துவிட்டாள் என்று கத்திக்கொண்டு ஓடிவருகிறார்கள்.

சைக்கிளைப் பார்த்துவிட்டுக் கேர்ள்ஸ் ஸ்கூல் பாமா டீச்சர் சாயபு கடைக்கே வந்துவிட்டார். அவரும் என்னைப்போல்தான், எந்த நாற்காலியிலும் கால் எட்டாதவர். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு டீச்சர்கள். சாயபு உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "சட்டம் அவன் பண்ணட்டும், ஆளுக்கு ஏத்த அளவுல. மத்ததெல்லாம் என் கடைச் சாமான், எந்த ஊர்ல ஒடிஞ்சாலும் கிடைக்கிற மாதிரி. கடைக்குப் பின்னாடி உலை வைக்க இடம் காலி." யோசித்துப் பதில் எழுத வேண்டாம். நீங்கள் பம்பைச் சபித்துக்கொண்டு இந்நேரம் வேலையை விட நோட்டீஸ் எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒருத்தருக்கு எதற்கு இரண்டு அறை என்று கேட்டீர்கள். நானும் டாக்டரம்மாவிடம் அதையே கேட்டேன். "உன் புருஷன் தலை வாசல் நிலையில் இடிக்கும், குனிந்து வரச் சொல்" என்றார்.

சனிக்கிழமை வரும்போது அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாருங்கள், கோடு போட்டீர்களே, அதே சட்டை. நம் வீட்டு வாசலில் வெறுங்காலோடு நிற்கிறேன். எந்தப் பொத்தான் என்று நேரில் அளந்துகொள்ளுங்கள்.

உங்கள்
பிரிஜெட்